ஸ்பேனர் தெரிந்தவன் தூரம் போவான்: மெட்ராஸ் புல்லட்டின் கதை

இந்தத் தடவை வரலாறு எழுதப் போகிறேன். பயப்பட வேண்டாம், ராஜா ராணி வரலாறு இல்லை. ஒரு மோட்டார் சைக்கிளின் வரலாறு. அதிலும் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கி, வைத்துக் காப்பாற்றி, தூர தேசம் போய் வந்தவர்களின் வரலாறு.

எங்கள் ஊர் செம்மங்குப்பம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற மெயின் ரோட்டில், சிப்காட் ஆலைகளைத் தாண்டினால் வரும். இந்த ரோட்டில் சனி ஞாயிறு காலையில் நின்று பாருங்கள். பாண்டிச்சேரி பக்கமிருந்து நாலு, ஐந்து வண்டிகள் வரிசையாக வரும். பின்னால் இரண்டு பக்கமும் பை, தலையில் பெரிய ஹெல்மெட், சிதம்பரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி என்று போய்க்கொண்டே இருப்பார்கள். இப்போது அந்த வரிசையில் கே.டி.எம்., ஹோண்டா, ஜாவா எல்லாம் உண்டு. ஆனால் "தூரம் போகிற வண்டி" என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் மனதில் வருவது புல்லட்தான்.

ஏன்? இந்தக் கேள்விதான் என்னை இழுத்தது. காகிதத்தில் பார்த்தால் பழைய 350 புல்லட்டுக்கு எந்தத் தகுதியும் இல்லை. சக்தி வெறும் 18 எச்.பி. நாலே கியர். கனமோ கனம். எண்ணெய் ஒழுகும். பிரேக் பிடித்தால் நிற்க யோசிக்கும். அப்படி ஒரு வண்டி அரை நூற்றாண்டுக்கு இந்தியாவின் தூரப் பயண வண்டியாக இருந்தது எப்படி? "கம்பீரம்", "டுப் டுப் சத்தம்" என்று பலர் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான், ஆனால் அது பதில் இல்லை. பதிலைத் தேடிப் படித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

துப்பாக்கி ஆலையில் பிறந்த பெயர்

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர். ஊசி செய்வதற்குப் பேர்போன ஊர். அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு 1890களில் என்ஃபீல்டு என்ற இடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கி ஆலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்துதரும் வேலை கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்கள். துப்பாக்கி மாதிரிச் செய்தது என்று விளம்பரமும் செய்தார்கள். 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-ல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் 'புல்லட்' என்ற பெயர் முதன்முதலில் மேடை ஏறியது.

நாம் அறிந்த புல்லட் அது இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு புதிதாக வடிவமைத்து 1948, 49 வாக்கில் வெளிவந்ததுதான் நம் புல்லட்டின் தாத்தா. பின்சக்கரத்துக்கு இருபுறமும் ஷாக் அப்சார்பர் வைத்த ஏற்பாடு அந்தக் காலத்தில் பெரிய புதுமை. அப்போது பல வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பொருத்தப்பட்டிருக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் முதுகு கழன்றுவிடும். 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் கடும் பாதைப் போட்டியில் பிரிட்டிஷ் அணிக்காக ஓடிய இந்தப் புல்லட்டுகள் தங்கப் பதக்கம் வாங்கின. அதாவது கெட்ட ரோட்டில் ஓடும் என்பது ஆரம்பத்திலேயே நிரூபணமாகிவிட்டது.

திருவொற்றியூருக்கு வந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்துக்கு எல்லைப் பகுதிகளில் ரோந்து போக மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. அப்போது சென்னையில் பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1952-ல் அவர்களுக்கு 500 புல்லட்டுகளுக்கு ராணுவ ஆர்டர் வந்ததாக ராயல் என்ஃபீல்டு தன் காலவரிசையில் குறிப்பிடுகிறது. 1953-ன் தொடக்கத்தில் வண்டிகள் கப்பலில் வந்து சேர்ந்தன.

அன்றைய அரசாங்கத்தின் கொள்கை தெளிவானது: வெளியிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்க முடியாது, இங்கேயே செய்யவேண்டும். அதன்படி 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. வடசென்னையில் திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956-ல் உற்பத்தி ஆரம்பம். முதல் வருடம் முடியும்போது 163 வண்டி. உற்பத்தி என்றால், இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த பாகங்களை இங்கே பூட்டுவது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களையும் இங்கேயே செய்யப் பழகி, 1962 வாக்கில் முழு வண்டியும் உள்ளூர்ச் சரக்கானது.

அதே காலகட்டத்தில் தாய்வீட்டில் நடந்ததைப் பாருங்கள். ரெட்டிச்சில் புல்லட் தயாரிப்பு 1960களின் தொடக்கத்திலேயே நின்றது. 1967-ல் ரெட்டிச் ஆலையே மூடப்பட்டது. மிச்சமிருந்த வேலை பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் என்ற இடத்தில் கொஞ்ச நாள் நடந்து, 1970-ல் அதுவும் ஓய்ந்தது. ஜப்பான் வண்டிகளின் வேகத்துக்கு முன்னால் பிரிட்டிஷ் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துவிட்டன. திருவொற்றியூர் மட்டும் நிற்காமல் ஓடியது. 1977-ல் இங்கிருந்து பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் வடிவமைத்த வண்டியை வெள்ளைக்காரனுக்கே வடசென்னையிலிருந்து கப்பலில் அனுப்பினோம் :-)

மாறாததால் வந்த லாபம்

இங்கேதான் கதையின் முக்கியமான இடம்.

திருவொற்றியூர் ஏன் புல்லட்டை மாற்றவில்லை? பாசத்தால் இல்லை. அவசியம் இல்லை. லைசென்ஸ் ராஜ்யம் என்று பொருளாதாரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். என்ன செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதற்கெல்லாம் அரசாங்க அனுமதி வேண்டும். வெளிநாட்டு வண்டி உள்ளே வராது. மோட்டார் சைக்கிள் என்றால் மெட்ராஸில் செய்யும் புல்லட், மைசூரில் 1960களின் தொடக்கத்திலிருந்து செய்த ஜாவா (பிறகு யெஸ்டி), ஃபரிதாபாத்தில் செய்த ராஜ்தூத், இவ்வளவுதான் பெரும்பாலும். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். ராணுவமும் போலீசும் வாடிக்கையாளர்கள். இந்த நிலையில் புது மாடல் போட்டுச் செலவு செய்ய எந்த முதலாளிக்கு மனசு வரும்?

பொருளாதார ஆசிரியர்கள் இதைத் தேக்கம் என்பார்கள். சரிதான். ஆனால் அந்தத் தேக்கத்திலிருந்து யாரும் திட்டமிடாத ஒன்று வந்தது. ஒரே மாதிரி என்ஜின் முப்பது, நாற்பது வருடம் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? 1965 வண்டியின் பாகங்களில் பலவற்றை 1990 வண்டியில் மாட்டலாம். அப்பன் கற்ற வேலை மகனுக்கு அப்படியே உதவும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பயப்படாமல் சரக்கு வாங்கி வைக்கலாம், பழசாகி வீணாகாது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டை, டெல்லியில் கரோல் பாக் என்று பெரிய சந்தைகள் வளர்ந்தன. கம்பெனி செய்யும் பாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம்.

இதன் பலன் தூரப் பயணத்தில் தெரிந்தது. ஒரு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை அதன் சக்தியும் டேங்கும் பாதிதான் முடிவு செய்கின்றன. நின்றுபோன இடத்தில் அதை மறுபடி ஓடவைக்க ஆள் இருக்கிறதா என்பது மீதிப் பாதி. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் புல்லட் தெரிந்த மெக்கானிக் இருந்தார். அப்படிப்பட்ட வண்டிக்கு இந்தியா முழுக்க ஊர் மாதிரிதான்.

வைத்துக் காப்பாற்றுவது என்றால்

பழைய இரும்பு என்ஜின் புல்லட்டை வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு மாடு வளர்ப்பது மாதிரி. தினம் பார்க்கவேண்டும். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலைகள் என்னவென்று தெரிந்தால்தான் பின்னால் வரும் மாற்றம் புரியும்.

முதலில் ஸ்டார்ட் செய்வது. பிஸ்டன் அகலம் 70 மி.மீ., அது மேலும் கீழும் போகும் தூரம் 90 மி.மீ. ஒரே பெரிய சிலிண்டர். சும்மா உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிவிடும். அதனால் இக்னிஷன் போட்டு, ஹெட்லைட் பக்கத்தில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கிக்கரை அழுத்தவேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து பிஸ்டனை உச்சியைத் தாண்டிச் சற்றே நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. தெரிந்தவருக்கு ஒரு உதையில் எடுக்கும். தெரியாதவர் வியர்த்துக்கொண்டே உதைத்துக்கொண்டிருப்பார், தெருவே வேடிக்கை பார்க்கும்.

அடுத்து பாயிண்ட். ப்ளக்கில் பொறி வரவேண்டிய நேரத்தை முடிவு செய்வது கான்டாக்ட் பாயிண்ட் என்ற சின்னச் சாமான். இரண்டு உலோகப் பொட்டுகள் திறந்து மூடும். நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பொட்டு கருகினால் உப்புத்தாளால் தேய்க்கவேண்டும், தேய்ந்தால் மாற்றவேண்டும். டைமிங் வைக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ப்ளக் ஓட்டையில் ஒரு கம்பியை விட்டு பிஸ்டன் உச்சியைக் கண்டுபிடித்து, பாயிண்ட் நடுவில் சிகரெட் தாளைச் சொருகி மெதுவாக இழுத்தபடி என்ஜினைச் சுற்றுவார்கள். தாள் விடுபடும் நொடிதான் பாயிண்ட் திறக்கும் நொடி. இந்த வேலை தெரிந்த பட்டறைப் பையனுக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

பிறகு டாப்பெட். வலது பக்கம் ஒரு மூடியைக் கழற்றினால் புஷ் ராடின் அடிப்பக்கம் தெரியும். என்ஜின் ஆறியிருக்கும்போது ராட் விரலால் சுற்றினால் சுற்றவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இரண்டு சின்ன ஸ்பேனர், பத்து நிமிடம். இரண்டாயிரம், மூவாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை என்ஜின் ஆயில். செயினுக்கு எண்ணெய். கிளட்ச் கேபிள் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது. அதிர்வில் நட்டுகள் கழன்று விழும், அதனால் கிளம்பும் முன் ஒரு சுற்று முடுக்கவேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு தொல்லை சேரும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்று ஸ்போக்ஸை முதலில் பிடிக்கும், அப்புறம் ரிம், சைலென்சர், ஒயரிங் இணைப்புகள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, குரோமியம் மேல் லேசாக எண்ணெய் பூசாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் வண்டி பாட்டியாகிவிடும். எங்கள் பெரியப்பா வண்டியின் பக்கப் பெட்டியில் எப்போதும் இருந்தவை: ஒரு ப்ளக், ஒரு செட் பாயிண்ட், ஒரு கண்டென்சர், ஒரு கிளட்ச் கேபிள், ஒரு செயின் லாக், ஹெட்லைட் பல்ப், கட்டுக்கம்பி, பழைய வேட்டித்துணி. அவர் இதை வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் வரை போய் வந்திருக்கிறார். அவர் மெக்கானிக் இல்லை, விவசாயி. ஆயில் இன்ஜினில் பம்புசெட் ஓட்டியவருக்குப் புல்லட் என்ஜின் அந்நியமாக இல்லை.

இதை நினைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அந்த என்ஜினில் எந்தப் பாகமும் தன் வேலையை மறைத்து வைக்கவில்லை. மூடியைக் கழற்றினால் எது எதை அசைக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். வைத்திருப்பவரே வண்டிக்குப் பாதி மெக்கானிக் ஆனது அதனால்தான்.

லடாக் வரைக்கும்

மோட்டார் சைக்கிளில் தேசம் சுற்றுவது புல்லட்டோடு பிறந்தது இல்லை. 1932-ல் ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்க இளைஞர் டக்ளஸ் வண்டியில் லண்டனிலிருந்து கிளம்பி, இந்தியா வழியாகவும் போய், சுமார் ஒன்றரை வருடத்தில் உலகம் சுற்றி முடித்தார். 1973-ல் கிளம்பிய டெட் சைமன் நாலு வருடம் ட்ரையம்ப் வண்டியில் சுற்றினார், அவரும் இந்தியா வந்தார். அவர்கள் வண்டி வழியில் நின்றால் பாகங்களுக்கு வெளிநாட்டைப் பார்க்கவேண்டும். இந்தியாவில் புல்லட் வைத்திருந்தவருக்கு அந்தக் கவலை இல்லை. அதனால்தான் பிற்காலத்தில் இங்கே வந்த வெளிநாட்டுப் பயணிகள் பலர் தங்கள் வண்டியைக் கொண்டுவராமல், கரோல் பாக்கில் பழைய புல்லட் வாங்கி, ஊர் சுற்றிவிட்டு, திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார்கள்.

லடாக் 1974-ல் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. மணாலியிலிருந்து லே போகும் ரோடு பொதுமக்களுக்கு 1989-ல் திறந்தது. சுமார் 475 கி.மீ., வழியில் 5,300 மீட்டர் உயரம் தாண்டும் தங்லாங் லா கணவாய். தாண்டி என்ற ஊர் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று எழுதிவைத்த பலகை பயணிகளிடையே பிரபலம். அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும். கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும், ஆனால் எரிக்கக் காற்று போதாது. வண்டி கரும்புகை விட்டு முக்கும். புல்லட்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து காற்றுத் திருகைக் கொஞ்சம் திறப்பார், முடிந்தால் ஜெட்டைச் சின்னதாக மாற்றுவார். மறுபடி ஓடும். பழைய என்ஜினின் அழுத்த விகிதம் 6.5-க்கு 1 என்ற அளவில் தாழ்வாக இருந்ததால் கேனில் கிடைக்கும் மட்டமான பெட்ரோலையும் பொறுத்துக்கொண்டது. 18 எச்.பி. அங்கே அவமானம் இல்லை, அந்த ரோட்டில் வேகமாகப் போக யாராலும் முடியாது.

மறக்கச் சொன்ன காலம்

இதற்கிடையில் 1980களில் அரசாங்கம் கதவைச் சற்றே திறந்தது. ஜப்பான் கம்பெனிகள் இந்தியக் கம்பெனிகளோடு கூட்டு சேர்ந்து வந்தன. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி (பிறகு டி.வி.எஸ்.-சுசுகி), 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, அதே வருடம் யமஹா ஆர்.எக்ஸ்.100. ஹீரோ ஹோண்டாவின் விளம்பர வாசகம் பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்கிற அர்த்தத்தில் இருந்தது. மூன்றே சொல்லில் ஒரு யுகமே மாறிப்போனது என்பேன். அதுவரை வண்டி வைத்திருப்பது என்றால் அதை நினைத்துக்கொண்டே இருப்பது. இப்போது மறந்துவிடுவதுதான் பெருமை.

சாதாரண மக்களுக்கு அது பெரிய விடுதலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வேலைக்குப் போகிறவருக்குக் காலையில் வண்டி கிளம்பினால் போதும், பாயிண்ட் தேய்க்க நேரம் ஏது? புல்லட் விற்பனை சுருங்கியது. 1990-ல் ஐஷர் குழுமம் கைகொடுத்தது, 1994-ல் கம்பெனி முழுதாக ஐஷருக்குப் போனது, பெயர் மறுபடி ராயல் என்ஃபீல்டு ஆனது. 2000 வாக்கில்கூட இதை வைத்துக்கொள்வதா விற்றுவிடுவதா என்ற நிலை. அப்போது பொறுப்பேற்றவர் சித்தார்த்த லால்.

பிறகு நடந்தவை ஒவ்வொன்றும் ஸ்பேனரைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் கையிலிருந்து வாங்கின. 2002 தண்டர்பேர்டில் ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். உதவியோடு செய்த அலுமினிய என்ஜின். 2008 தண்டர்பேர்டில் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த புது என்ஜின். அதில் ஹைட்ராலிக் டாப்பெட், ராடைச் சுற்றிப் பார்க்கும் வேலையே இல்லை. 2009-ல் கிளாசிக் வந்தது, 500-ல் கார்புரேட்டருக்குப் பதில் எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். பழைய இரும்பு என்ஜின் அந்தக் காலகட்டத்தில் விடைபெற்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபோது 350-லும் கார்புரேட்டர் போய், பழுதைத் தானே குறித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் வந்தது. 2020 நவம்பரில் வந்த மீட்டியாரில் கிக்கரே கிடையாது. 2023-ல் வந்த புதிய புல்லட்டிலும் அதே வகை என்ஜின்.

விற்பனை? 2010-ல் சுமார் 50 ஆயிரம் வண்டி விற்ற கம்பெனி 2018-19 நிதியாண்டில் 8 லட்சத்தைத் தாண்டியது, 2024-25-ல் 10 லட்சத்தையும் தாண்டியது. 2013-ல் ஒரகடத்தில் ஆலை, பிறகு வல்லம் வடகாலில் ஆலை. தொல்லை பிடித்த வண்டியாக இருந்தவரைக்கும் சிலர்தான் வாங்கினார்கள். தொல்லை போனதும் எல்லோரும் வாங்கினார்கள். புரிந்துகொள்ளக்கூடியதுதானே.

எது போனது, எது வந்தது

பழைய வண்டியை வைத்திருந்தவர்கள் சொல்லும் ஏக்கக் கதைகளை அப்படியே நம்பிவிடக்கூடாது. பழைய டிரம் பிரேக்கோடு இன்றைய நாலுவழிச் சாலையில் போவது ஆபத்து. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலிலிருந்து முழுமையாகக் கட்டாயமானது எத்தனை உயிரைக் காப்பாற்றும் விஷயம் என்பது மழையில் கடலூர் ரோட்டில் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். புகை குறைந்திருக்கிறது. லடாக் கணவாயில் புது வண்டியின் கம்ப்யூட்டர் காற்றை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது, ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. ஒரு பெண் தனியாக ஆயிரம் கி.மீ. போகலாம் என்று நினைப்பதற்கு செல்ஃப் ஸ்டார்ட்டும் நம்பகமும் எவ்வளவு உதவுகிறது என்று யோசியுங்கள். பயணம் செய்யும் உரிமை கிக்கர் உதைக்கத் தெரிந்தவருக்கு மட்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆனால் மற்றொரு பக்கமும் இருக்கிறது. வண்டி நிற்பது குறைந்திருக்கிறது. நின்றால் மட்டும் முழுசாக நிற்கிறது. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தை எங்கள் மாவட்டம் மறக்காது. தண்ணீரில் மூழ்கிய பழைய வண்டிக்கு வைத்தியம் எல்லோருக்கும் தெரியும்: ப்ளக்கைக் கழற்றி கிக்கரை உதைத்துத் தண்ணீரை வெளியேற்று, ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்று, கார்புரேட்டரைக் கழுவு, பாயிண்டைத் துடைத்துக் காயவை. ஒரு பகல் வேலை. சென்சாரும் கம்ப்யூட்டரும் உள்ள வண்டியில் தண்ணீர் புகுந்தால் எந்த இணைப்பு கெட்டது என்று கண்டுபிடிக்கவே தனிக் கருவி வேண்டும். கருவி கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும். சர்வீஸ் சென்டர் டவுனில் இருக்கும். வண்டி கிராமத்தில் நிற்கும்.

பாதிக்கப்படுவது பயணி மட்டும் இல்லை. சின்ன ஊர்களில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குகளை நினையுங்கள். சிகரெட் தாளால் டைமிங் வைத்தவருக்கு மூளை குறைவு இல்லை. புது வண்டியின் ஒயரிங் படமும், பழுதுக் குறியீட்டின் அர்த்தமும், படிக்கும் கருவியும் அவர் கைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். தெரிந்த வேலை சுருங்குகிறது, புது வேலையைக் கற்க வழி குறுகலாக இருக்கிறது. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஊரிலேயே பட்டறை போடலாம் என்றிருக்கும் என் வயதுப் பையன்களுக்கும் இதே கேள்விதான்.

இது உலகம் முழுக்கப் பேசப்படும் விஷயம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் ஓட்டுப் போட்டு, வண்டியின் பழுதுபார்க்கும் தகவல்களைக் கம்பெனிகள் வெளி மெக்கானிக்குகளுக்கும் தரவேண்டும் என்று முடிவு செய்தார்கள். இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாமான்கள், வாகனங்கள் என்ற நாலு துறைகளை எடுத்துக்கொண்டது. அதே வருடம் டிசம்பரில் இதற்காக ஒரு இணையதளமும் தொடங்கப்பட்டது. நம் நாட்டில் டிராக்டரும் வண்டியும் ஒரே பட்டியலில் வந்தது பொருத்தம்தான். இரண்டையும் பிரித்து மாட்டுவது பல ஊர்களில் ஒரே கைதானே.

முடிவாக

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். புல்லட் இந்தியாவின் தூரப் பயண வண்டி ஆனது அதன் சக்தியால் இல்லை, கம்பீரத்தாலும் இல்லை. நாற்பது, ஐம்பது வருடம் மாறாமல் இருந்ததால் அதைத் தெரிந்த கைகள் நாடு முழுவதும் உண்டாயின. அந்தக் கைகளை எந்தக் கம்பெனியும் சம்பளம் கொடுத்து வைக்கவில்லை, எந்த ஐந்தாண்டுத் திட்டமும் எழுதவில்லை. போட்டியே இல்லாத சந்தையின் பக்க விளைவாக அவை வளர்ந்தன. அந்தச் சந்தை திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வரிசையில் வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

ஆனால் அந்தக் கைகள் தானாக வந்ததால் தானாகவே இருந்துவிடும் என்று நினைப்பது தப்பு. இனி அவை இருக்கவேண்டும் என்றால் திட்டமிட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிகள் ஒயரிங் படத்தையும் பழுதுக் குறியீட்டுப் பட்டியலையும் வெளியில் தரவேண்டும். ஐ.டி.ஐ.க்களில் பழைய கார்புரேட்டரோடு நின்றுவிடாமல் இன்ஜெக்ஷனும் சென்சாரும் கையில் கொடுத்துக் கற்றுத்தரவேண்டும். நாமும் கொஞ்சம் செய்யலாம். உங்களில் யாராவது வேலைக்குப் போன கையோடு டூரிங் வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், ஷோரூமில் மைலேஜும் நிறமும் கேட்பதோடு இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: "நடு ரோட்டில் நின்றால் இதில் நானே என்னென்ன செய்யலாம்? எங்கள் ஊர் மெக்கானிக்கால் என்னென்ன செய்ய முடியும்?" பதில் சொல்லத் திணறினால், அந்த வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதில் பாதியை நீங்கள் தெரிந்துகொண்டீர்கள்.

வண்டி வாங்கிவிட்டால் செயினுக்கு எண்ணெய் விடவாவது கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு இன்னும் கம்ப்யூட்டர் வரவில்லை.